அடுத்த மாடல் வரும்வரை விழாதிருங்கள்

கைலாசம் கிணற்றடியில் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. கதை அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் பின்னால் கூடிய எல்லாக் கூட்டங்களிலும் அந்தக் குறையே திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டப்பட்டது.

பெரிய அடி ஒன்றும் இல்லை. சோப்பு நுரையில் கால் வழுக்கியது, இடுப்பு பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவுதான். நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ஆனால் அது தறி ஓடும் நேரம். கைலாசம் கூப்பிட்டுப் பார்த்தார். அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. தலைமாட்டில் இருந்த வெயில் கால்மாட்டுக்குப் போகும்வரை அப்படியே படுத்திருந்தார். பிறகு துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு தாமாகவே எழுந்து, ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு, சாமி விளக்கை ஏற்றினார். ஏகாம்பரநாதரிடம் அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. எழுப்பி விட்டதற்கு நன்றிதான் சொன்னார்.

சோறு பிசையும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நான் எழாமல் போயிருந்தால், அது எப்போது யாருக்குத் தெரிந்திருக்கும்? பதில் தேடிப் பார்த்தார். சோறு ஆறிவிட்டது.

மனைவி ரேணுகாம்பாள் போனபிறகு இரண்டு ஆடி மாதம் கடந்துவிட்டது. அவள் இருந்த காலத்தில் இருவரும் கோர்வைச் சேலை நெய்தார்கள். சேலைக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். அவர் இந்தப் பக்கத்திலிருந்து குறுக்கிழை கொண்டுபோகும் நாடாவை ஓட்ட, அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவாள். கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும். இப்போது அவர் ஒற்றை ஆளாக நெய்யக்கூடிய சேலைகளை மட்டும் நெய்கிறார்.

மகள் காயத்ரி ஓசூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது விழுந்த கதையை வேடிக்கையாகச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

“இப்ப ஒரு வாட்ச் வந்துக்குதுப்பா. கையில கட்டிக்கினா போதும். விழுந்தா அதுவே தெரிஞ்சிக்கினு போன் பண்ணிடும்.”

“யாருக்கு?”

“யார் நம்பர் போட்டு வச்சிக்கிறியோ அவங்களுக்கு. வாங்கிக்கோப்பா.”

பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் அந்தக் கடிகாரம் இருந்தது. அதற்குத் ‘துணைவன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கடைக்காரப் பையன் நேர்மையானவன்.

“ஐயா, இது மொத மாடல். மொத மாடல்ல கொஞ்சம் கோளாறு இருக்கத்தான் செய்யும். பொறுத்தீங்கன்னா அடுத்தது வந்துடும், நல்லா இருக்கும்.”

“எப்பப்பா வரும்?”

“பொங்கலுக்குள்ள.”

“அதுவரைக்கும் நான் விழாம இருக்கணும்.”

“அது உங்க கையிலதாங்க இருக்குது.”

வாங்கலாமா, பொறுக்கலாமா என்று கைலாசம் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் உறுப்பினராக உள்ள திருநெறிப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பலகையில் ஓர் அறிவிப்பு வந்தது. தனியாக வாழும் உறுப்பினர்களுக்குச் சங்கமே துணைவன் கடிகாரம் வாங்கித் தரும். பெரிய மனசு என்று கைலாசம் பலகையைப் பார்த்துக் கும்பிட்டார். வாங்குவதா பொறுப்பதா என்ற கவலையை அன்று முதல் சங்கம் எடுத்துக்கொண்டது.

முதல் கூட்டத்துக்கு அவர் சீக்கிரமே போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். தலைவர் தணிகாசலம் நாற்காலியில் நிறைந்து அமர்ந்திருந்தார். அவர் தறியில் உட்கார்ந்தவர் இல்லை. அவருடைய தாத்தா உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்தது.

“உறுப்பினர்களே,” என்றார் தலைவர். “இந்தச் சங்கம் எதையும் அவசரப்பட்டுச் செஞ்சதில்ல. இந்தக் கட்டடத்துக்கு மாடி போடணும்னு எங்கப்பா தலைவரா இருந்தப்ப முடிவு பண்ணாரு. இன்னிக்கும் அது முடிவாவே இருக்குது. அன்னிக்கு அவசரப்பட்டுப் போட்டிருந்தா இந்நேரம் அந்த மாடி ஒழுவிக்கினு இருக்கும்.”

கைதட்டினார்கள். செயலாளர் ஆனந்தராஜ் எழுந்தார். ஒல்லியான மனிதர், தணிக்கை என்ற சொல்லைச் சாமி பேரைச் சொல்வதுபோல் தாழ்ந்த குரலில் சொல்வார்.

“கடிகாரத்த வாங்கி, யாரும் விழலன்னு வச்சிக்குங்க. வீண் செலவுன்னு தணிக்கையில எழுதுவாங்க. வாங்கி, யாராவது விழுந்துட்டாங்கன்னு வச்சிக்குங்க. கட்டியும் விழுந்தாங்களேன்னு எழுதுவாங்க. வாங்காம இருந்தா ஒரு கேள்வியும் வராது.”

பின்வரிசையிலிருந்து பூவம்மாள் கேட்டாள். அவளும் தனியாக இருப்பவள்தான். “வாங்காத நேரத்துல விழுந்துட்டா?”

“அது உங்க சொந்த விஷயம்மா. அதுல சங்கம் தலையிடாது.”

ஆகவே முதல் மாடலை வாங்குவதா, அடுத்ததற்குக் காத்திருப்பதா என்று ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. முதல் மாடல்களைப் பற்றித் தமக்கு நெடுநாளாகவே ஐயம் உண்டு என்று தலைவர் தெரிவித்தார். “என் மூத்தவனையே பாருங்க. ரெண்டாவது பையன்தான் டாக்டரு.” தேநீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்த மூத்த மகன் தலைகுனிந்து தட்டை நீட்டினான்.

மாதிரிக்கு ஒரு கடிகாரம் வந்தது. நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சந்தனத்துக்குக் கீழே மணி தெரியவில்லை. மரியாதை கருதித் தலைவர் கையிலேயே அதைக் கட்டினார்கள். “இந்தச் சங்கம் உறுப்பினர்களை ஒருபோதும் விழவிடாது” என்று தலைவர் மேசையை ஓங்கித் தட்டினார். தட்டிவிட்டுக் கைதட்டலுக்காக அசையாமல் காத்திருந்தார். கடிகாரம் அதிர்ந்தது. அவர் விழுந்துவிட்டார் என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. உடனே சங்கத்துத் தொலைபேசி மணி அடித்தது. பக்கத்தில் இருந்த ஆனந்தராஜ் எடுத்து, தலைவர் விழுந்துவிட்டார் என்ற செய்தியைத் தலைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுவதும் கேட்டு, “தகவலுக்கு நன்றி” என்று வைத்தார். கடிகாரம் வேலை செய்கிறது என்று குறிப்பில் எழுதப்பட்டது.

அடுத்தது சோதனை. தனியாக வாழ்பவராகவும் ஏற்கெனவே விழுந்தவராகவும் உள்ள ஒருவர் தேவைப்பட்டார். கைலாசம் கையைத் தூக்கினார்.

“விழுந்ததுக்குச் சாட்சி?” என்றார் ஆனந்தராஜ்.

“யாராவது பாத்திருந்தா நான் ஏங்க அவ்வளவு நேரம் அங்கியே கெடக்கறேன்?”

இது குழுவைக் கொஞ்ச நேரம் சிந்திக்க வைத்தது. கடைசியில் ‘விழுந்ததாகக் கூறிக்கொள்பவர்’ என்று எழுதி, கடிகாரத்தை அவர் கையில் கட்டினார்கள். ஆபத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டபோது அவர் மகளின் எண்ணைச் சொன்னார். ஓசூர் சங்கத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதால் அது ஏற்கப்படவில்லை. சங்கத்து எண்ணையே போட்டார்கள்.

மறுநாள் காலையில் கைலாசம் வழக்கம்போல் தறிக்கு வந்தார். அவருடையது குழித்தறி. இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, பொத்தென்று உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் அவர் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். முதல் இழை ஓட்டுவதற்கு முன் சாமியை நினைப்பது அவர் வழக்கம். ரேணுகாம்பாள் போனபிறகு நினைக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டதால் இன்னும் கொஞ்ச நேரம் ஆகிறது. அவ்வளவு நேரமும் விரல்கூட அசையாது.

கடிகாரத்தின் கணக்கு வேறு. மேலிருந்து ஓர் ஆள் கீழே போயிருக்கிறான். கை எதிலோ மோதியிருக்கிறது. அதன்பின் அசைவில்லை.

கைலாசம் கண்ணைத் திறந்தபோது செல்போன் அடித்துக்கொண்டிருந்தது.

“கைலாசம் ஐயாங்களா? சங்கத்துலேர்ந்து ஜீவிதா பேசறேன். நீங்க விழுந்துட்டதா இங்க வந்துக்குது. விழுந்துட்டீங்களா?”

“இல்லம்மா. உக்காந்தேன்.”

“அடி எதுவும் படலியே?”

“இல்லம்மா.”

“சரிங்க. சாப்ட்டீங்களா?”

அந்தக் கேள்வி குழு வகுத்த கேள்விகளில் இல்லை. காலை வேளையில் அந்த வீட்டுக்குள் ஒரு குரல் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. சாப்பிடவில்லை, இனிமேல்தான் என்றார். சாப்பிட்டுவிட்டு நெய்யுங்கள் தாத்தா என்று அவள் வைத்துவிட்டாள். அவர் எழுந்துபோய்ச் சாப்பிட்டார்.

ஜீவிதா சங்கத்தில் கணினி வேலை பார்ப்பவள். திருமுக்கூடலிலிருந்து முதல் பேருந்தில் வந்து, அலுவலகத்தைத் திறந்து, தலைவரும் செயலாளரும் வரும்வரை அந்தப் பெரிய கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அவர்கள் வர மதியம் ஆகிவிடும். இதெல்லாம் தினம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. ஏனென்றால் தினமும் அவர் குழியில் உட்கார்ந்தார், சாமி கும்பிட்டார், கடிகாரம் தவறாமல் அவரை விழவைத்தது.

“தாத்தா, விழுந்துட்டீங்களா?”

“உக்காந்துட்டேம்மா. நீ சாப்ட்டியா?”

“டப்பாவ இப்பதான் தொறக்கறேன். தக்காளி சாதம்.”

ஒரு நாள் கைலாசம் வழக்கத்துக்கு முன்னாலேயே தறிக்கு வந்துவிட்டார். சங்கம் திறக்கும் நேரம் ஆகட்டும் என்று குழியின் விளிம்பிலேயே காலைத் தொங்கவிட்டபடி காத்திருந்தார். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் காத்திருந்தார்.

சோதனை முடிந்து குழு கூடியது. தினந்தோறும் ஒரு வீழ்ச்சி பதிவாகியிருந்தது. தலைவருக்கு மகிழ்ச்சி. இத்தனை வீழ்ச்சி இருந்தால் வாங்குவதற்கு நியாயம் இருக்கிறது.

“என்னென்ன மாதிரி விழுந்தீங்கன்னு சபைக்குச் சொல்லுங்க,” என்றார் ஆனந்தராஜ்.

கைலாசம் எழுந்து நின்றார். ஆமாம், விழுந்தேன் என்று சொன்னால் கடிகாரம் கையிலேயே இருக்கும். காலையில் அந்தக் குரலும் வரும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தறியில் உட்கார்ந்து கும்பிட்ட நேரத்தை விழுந்த நேரம் என்று சொல்ல வாய் வரவில்லை.

“விழலீங்க. உக்காந்து சாமி கும்பிட்டேன்.”

ஆனந்தராஜ் பதிவேட்டை மறுபடி புரட்டிப் பார்த்தார்.

“தினமுமா?” என்றார் தலைவர்.

“தினமும்தாங்க.”

“சாமி கும்புடறத சோதனை முடியற வரைக்கும் தள்ளி வச்சிருக்கலாமே. இல்ல, கும்புடும்போது லேசா அசைஞ்சிருக்கலாம்.”

சென்னையிலிருந்து வந்திருந்த கம்பெனிக்காரர் குமரகுரு தொண்டையைச் செருமினார். “மொத மாடலுக்கு பக்தி தெரியாது சார். அடுத்த மாடல்ல வருது.”

“குழித்தறி?”

“அதுவும் அடுத்த மாடல்ல வருது.”

“நெசமா விழுந்தா தெரியுமா?”

“அது இன்னும் நல்லா வருது சார், அடுத்த மாடல்ல.”

அதையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று குழு முடிவு செய்தது. கூடத்தின் நடுவே மெத்தை விரிக்கப்பட்டது. கைலாசம் சபையை வணங்கிவிட்டு விழுந்தார். அவர் எதையும் பதமாகச் செய்து பழகியவர். முழங்காலை ஊன்றி, கையை ஊன்றி, மெதுவாகச் சாய்ந்தார். கடிகாரம் பேசாமல் இருந்தது. “இன்னும் மனசு வச்சு விழுங்க” என்றார் ஆனந்தராஜ். மறுபடி விழுந்தார். விழுவதில் உறுப்பினருக்குப் போதிய ஒத்துழைப்பு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். கதவோரம் நின்ற ஜீவிதா மட்டும் வந்து கைகொடுத்து எழுப்பினாள். அவள் முகத்தை அவர் நேரில் பார்த்தது அன்றுதான். நெற்றியில் விபூதி வைத்திருந்தாள்.

கடிகாரத்தைக் கழற்றி, துடைத்து, டப்பாவில் வைத்து, பீரோவில் பூட்டினார்கள். சுற்றறிக்கை ஒன்று எல்லா உறுப்பினர்களுக்கும் போயிற்று. முதல் மாடலை வாங்குவதில்லை. மேம்பட்ட மாடல் வரும்வரை காத்திருப்பது. அதுவரை தனியாக வாழும் உறுப்பினர்கள் விழுவதைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

மறுநாள் காலை கைலாசம் குழியில் உட்கார்ந்தார். கும்பிட்டார். கண்ணைத் திறந்தார். தெருவெல்லாம் தறி ஓடியது. அவர் வீட்டில் மட்டும் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மணிக்கட்டில் கடிகாரப் பட்டை இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. அதைத் துண்டால் துடைத்துவிட்டு நாடாவை எடுத்தார்.

அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அதற்கும் அடுத்த நாள் போன் அடித்தது.

“தாத்தா, விழுந்துட்டீங்களா?”

அவர் தன் கையைப் பார்த்தார். “வாட்ச் உங்ககிட்டதானேம்மா இருக்குது?”

“பீரோவுலதான் இருக்குது. காலைல இங்க ஒக்காந்துக்கினு இருந்தா என்னமோ மாதிரி இருக்குது தாத்தா. ரெண்டு நாளா டப்பாவயே தொறக்கல.”

“நான் உக்காந்துட்டேம்மா,” என்றார் கைலாசம். “நீ மொதல்ல சாப்டு.”

அதன்பின் தினமும் போன் வந்தது. கடிகாரத்தின் எச்சரிக்கை இல்லாமல் சங்கத்துத் தொலைபேசியிலிருந்து பேசுவது முறையல்ல என்று ஆனந்தராஜ் சொன்னபிறகு அவள் தன்னுடைய போனிலிருந்து கூப்பிட்டாள். பூவம்மாளையும் கூப்பிட ஆரம்பித்திருந்தாள் என்பது கைலாசத்துக்குப் பூவம்மாளே சொல்லித்தான் தெரியும். “என்னியும் விழுந்துட்டியான்னுதான் கேக்குது அந்தப் பொண்ணு,” என்றாள் அவள், கோயில் வாசலில். “யாரும் இத கேட்டதில்லபா.”

இதற்குள் இரண்டாவது மாடல் வந்துவிட்டது. மூன்றாவது இன்னும் நன்றாக இருக்கும் என்று குமரகுரு சொன்னதால், இரண்டாவதை வாங்குவதா மூன்றாவதற்குக் காத்திருப்பதா என்று ஆராயக் குழு மறுபடி கூடுவதாக இருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். குமரகுருவுக்கு மாலையில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால், சங்கத்தின் வரலாற்றிலேயே இல்லாத வழக்கமாகக் கூட்டத்தைக் காலையில் வைத்தார்கள்.

அன்று கிணற்றடியில் பாசி பிடித்திருந்தது. கைலாசம் விழுந்தார். இந்த முறை காலுக்குள் ஏதோ முறிந்தது காதிலேயே கேட்டது. மழை முகத்தில் விழுந்தது. கூப்பிடவில்லை, கூப்பிட்டுப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். உள்ளே தறியின் மேல் வைத்திருந்த போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. “வந்துட்டேம்மா, வந்துட்டேம்மா” என்று அவர் படுத்தபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறையும் அடித்து ஓய்ந்தது. அதன்பின் அடிக்கவில்லை. சரி, சலித்துவிட்டாள், பாவம், அவளுக்கும் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கண்ணை மூடிச் சாமியை நினைத்தார். அடுத்து ரேணுகாம்பாளை நினைத்தார். அவசரம் ஒன்றும் இல்லாததால் நிதானமாக நினைத்தார்.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தறிக்கூடத்தில் செருப்புச் சத்தம். கிணற்றடி வாசலில் ஜீவிதா நின்றாள். குடை இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வழியெல்லாம் என்னவோ நினைத்துக்கொண்டு ஓடி வந்திருப்பாள். ஆனால் வாயில் வந்தது பழகிய சொல்தான்.

“தாத்தா, விழுந்துட்டீங்களா?”

“ஆமாம்மா,” என்றார் கைலாசம். “இன்னிக்கி விழுந்துட்டேன்.”

அவள் அந்தப் பாசியிலேயே உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

மருத்துவமனைக்குச் சங்கத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். ஆப்பிள் கொண்டுவந்தார்கள். பீரோவில் இருந்த கடிகாரத்தையும் கொண்டுவந்து, கைலாசத்தின் கையில் கட்டி, தலைவர் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளப் படம் எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் கழற்றி டப்பாவில் வைத்தார்கள்.

“காத்திருந்தது எவ்வளவு நல்லதுன்னு பாருங்க,” என்றார் தலைவர். “மொத மாடல வாங்கியிருந்தா இன்னிக்கி நீங்க நெசமா விழுந்தும், எங்களுக்கு சாமி கும்புடறீங்கன்னுதான் தோணியிருக்கும்.”

“அப்ப ரெண்டாவது வாங்கறோங்களா?” என்று கேட்டார் கைலாசம்.

ஆனந்தராஜ் வருத்தத்தோடு தலையசைத்தார். “இந்த வீழ்ச்சிய கணக்குல எடுத்துக்க முடியாதுங்க. விழும்போது நீங்க வாட்ச் கட்டல.”

கட்டிலின் அந்தப் பக்கம் பூவம்மாள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் தலைவரைப் பார்க்கவே இல்லை.

ஜீவிதாவுக்குச் சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருந்தது. அன்று காலை தலைவரும் குழுவும் வந்தபோது அலுவலகம் பூட்டியிருந்தது. மாடலைப் பற்றிய கூட்டம் மழையில் வாசற்படியிலேயே நடந்தது. எந்த எச்சரிக்கையும் வராத நிலையில், உறுப்பினர் விழுந்ததை அலுவலக ஊழியர் எவ்வாறு அறிந்தார் என்று எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். காலில் கட்டோடு வீடு திரும்பிய கைலாசத்திடம் அதைப் போனில் படித்துக் காட்டினாள்.

“இன்னா எழுதறது தாத்தா?”

“போன் அடிச்சேன், எடுக்கலன்னு எழுது.”

“எழுதினேன். எடுக்காததுக்கு எவ்வளவோ காரணம் இருக்கும், விழுந்துட்டாருன்னு எப்படித் தெரியும்னு செயலாளரு கேக்கறாரு.”

கைலாசம் யோசித்தார். பூவம்மாள் வைத்துவிட்டுப் போன தூக்குச்சட்டி பக்கத்தில் இருந்தது. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

“நீ சாப்ட்டியா?” என்றார்.

“இன்னும் இல்ல.”

“மொதல்ல சாப்டு. அப்பறம் எழுதலாம்.”

அந்த விளக்கம் இன்னும் சங்கத்துக்குப் போய்ச் சேரவில்லை. மூன்றாவது மாடலும் வரவில்லை. போன் மட்டும் தினமும் காலையில் அடிக்கிறது. மழை நாட்களில் இரண்டு தடவை.